சுரங்கத்தைக் கவிழ்த்த கொட்டாவி

"ஒரே ஒரு கொட்டாவி விட்டேன். தங்கச் சுரங்கக் கம்பெனியே கவுந்துடுச்சு" என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தார் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா.

மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கதை அப்புறம். மிச்சப் பணத்தையும் அதுலயே போடணுமா, வேணாமா? புதுப் பங்கு வாங்க நாளைக்குக் கடைசி நாளாம்."

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பாதி, அவள் தம்பியின் பேச்சைக் கேட்டு, ஏற்கெனவே அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியிருந்தது. இறங்கியது ஏறவே இல்லை. அதே தம்பி இப்போது அவருக்குப் பின்னால் முகம் தொங்க நின்றான். இருவரும் பங்குதாரர் கூட்டத்திலிருந்துதான் வருகிறார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. கேள்வி நேரம் கடைசியில்தான். அதற்கு முன்னால் விளக்கை அணைத்துவிட்டுப் படம் காட்டுவார்கள். மலை, மலைக்குப் பின்னால் இன்னொரு மலை, தலைக்கவசம் போட்ட அதிகாரிகள், தலைக்கவசத்தைக் கழற்றிய அதே அதிகாரிகள். தலைவர் தாலாட்டுகிற குரலில் பேசிக்கொண்டே இருப்பார். எல்லாத் தலைகளும் சாய்ந்த பிறகு, "கேள்வி எதுவும் இல்லையே?" என்று முடித்துவிடுவார்.

"இன்னைக்கு நான் விட்ட கொட்டாவியில மின்விசிறி எதிர்ப்பக்கமா சுத்துச்சு" என்றார் குமாஸ்தா. "அது முன்வரிசைக்குத் தொத்துச்சு. அப்படியே மேடை ஏறுச்சு. கணக்கு அதிகாரி வாயைப் பொத்துறதுக்குள்ள தலைவருக்குப் போயிடுச்சு. 'ஒளிமயமான'ன்னு ஆரம்பிச்சவர், எதிர்காலத்துக்குப் போய்ச் சேரல. மைக்குல குறட்டைதான் வந்துச்சு. சும்மா விடுவேனா? 'சுரங்கத்துல வேலை நடக்குதா?'ன்னு கேட்டேன். மேடையில சொக்கிக்கிட்டிருந்த சுரங்க மேலாளர், தலைவர்தான் கேக்குறார்னு நெனச்சுட்டார். 'எங்க சார், போன மழையில தண்ணி பூந்ததோட சரி. பம்பு கேட்டுக் கேட்டு வாய்தான் வலிக்குது'ன்னார்."

மனைவி தம்பியைப் பார்த்தாள். "நீயும் பக்கத்துலதானடா இருந்தே?"

"மச்சான் நல்லா தூங்கிட்டாருக்கா. ஏதோ கனவு."

குமாஸ்தாவின் முகத்திலிருந்த குறும்பு வடிந்துபோனது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்தக் கூட்டத்துக்குப் போய்ப் போய் அவர் கால்கள் ஓய்ந்திருந்தன.

"நம்ம வீட்லயும் கேள்வி நேரம் கடைசியிலதான் போல" என்றார். "மாப்ளே, கம்பெனிக்காரன் மறைச்சா அது அவன் பொழப்பு. நாளைக்கு உங்கக்கா கையெழுத்துப் போட்டா, அப்புறம் எங்க மருந்துக்கும் உன் கையைத்தான் பாக்கணும். பரவால்லையா?"

மைத்துனன் சட்டைப்பையிலிருந்து புதுப் பங்கு விண்ணப்பத்தை எடுத்தான். நான்காகக் கிழித்தான். பேச வாயைத் திறந்தபோது நீளமாக ஒரு கொட்டாவி வந்தது.

"மின்விசிறி நேராத்தான் சுத்துச்சுக்கா" என்றான். "மத்ததெல்லாம் நடந்தது."