ஊர் சுற்றிப் பார்த்த வெள்ளிக்கிழமை

“இந்த மலைக்கெல்லாம் ஏம்ப்பா யாரும் சட்டை போட்டு விடல?”

நான்கு வயதில் தாரிணி கேட்டது. மசாஃபி போகும் சாலையில், பின் இருக்கையில் நின்றுகொண்டு, அப்பாவின் காதோரம் வாயை வைத்துக் கேட்டாள். சிவசங்கரன் சிரித்த சிரிப்பில் வண்டியே ஒருமுறை தடுமாறியது. இன்றும் அதே சாலை, அதே மொட்டை மலைகள். பின் இருக்கையில் யாரும் இல்லை. தாரிணி போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விமானம். துபாயில் கட்டடங்கள் பாதியில் நின்றுபோன வருடம் அது. சிவசங்கரனின் கம்பெனியும் ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டது. ரோலா பகுதியில் குடியிருந்த வீட்டில் கட்டில், நாற்காலி எல்லாம் விற்றாயிற்று. இனி இங்கே திரும்பி வர விசாவும் இல்லை, காரணமும் இல்லை என்றார்கள் தெரிந்தவர்கள். காரணம் ஒன்று இருப்பது அவர் மனைவி நீலாவுக்குத் தெரியும். அதை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் அங்கே வரக்கூடாது என்று ஊரிலிருந்து மாமனார் ஃபோனில் சொன்னார். ஆண்கள் நான்கு பேர் போய்விட்டு வந்து, ஒரே பாத்ரூமில் வரிசையாகக் குளித்தார்கள். எந்த இடம் என்று நீலா கேட்கவில்லை, சிவசங்கரனும் சொல்லவில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறோம், விட்ட இடம்கூடத் தெரியாமல் போகிறோம் என்ற நினைப்பு ஒரு மாதமாக அவளை விட்டு அகலவில்லை.

“போறதுக்குள்ள ஒருதடவை சுத்திப் பாத்துட்டு வந்துருவோம். வண்டிய வாங்குனவன் நாளைக்குத்தான் எடுத்துட்டுப் போவான்,” என்று காலையில் அவர் சாவியை எடுத்தபோது, உட்கார நாற்காலிகூட இல்லாத வீட்டில் இருந்து என்ன செய்வதென்று அவளும் கிளம்பினாள்.

தைத் என்ற ஊரைத் தாண்டியதும் மணல் சிவந்தது. பிறகு மலைகள் வந்தன. சிவசங்கரன் ஒவ்வொன்றையும் கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். பேரீச்சந் தோப்பு, பழைய கோட்டை, சாலையைக் கடக்கும் ஆடுகள். பேச்சை நிறுத்தினால் வேறு ஏதோ பேச வேண்டியிருக்கும் என்று பயந்தவர் போல.

“மெதுவாப் போங்க. ஊருக்குப் போற நேரத்துல ஸ்பீடு கேமராவுக்குப் பல்லக் காட்டிட்டுத்தான் போவணுமா?”

“காட்டட்டுமே. இந்த ஊர்ல நம்ம போட்டோ ஒண்ணாவது இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

மசாஃபி சந்தையில் கம்பளங்களும் மண்சட்டிகளும் சாலை ஓரம் முழுக்கப் பரந்து கிடந்தன. தேநீர்க் கடை வைத்திருந்தவர் கலீலுர் ரஹ்மான், கீழக்கரைக்காரர். தமிழ்க் குரல் கேட்டதுமே முகம் மலர்ந்து, கேட்காமலே ஒரு தட்டு பஜ்ஜியை முன்னால் வைத்தார்.

“நம்ம ஊரு ஆளுக இந்தப் பக்கம் வர்றதே அபூர்வம். சாப்பிடுங்க தம்பி, இது வெலைக்கு இல்ல. புள்ளைக எத்தன?”

சிவசங்கரன் கண்ணாடித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணுதான் பாய். பொண்ணு.”

“மாஷா அல்லா. ஊர்ல படிக்குதா?”

நீலாதான் சொன்னாள். “இல்லண்ணே. இங்கதான் இருக்கா.”

வண்டியில் ஏறிய பிறகும் சிவசங்கரன் சாவியைத் திருப்பவில்லை.

“ஏங்க, அவ எங்க இருக்கா?”

“நீ கேக்கவே இல்லையே நீலா. கேக்கப் பிடிக்கலேன்னு நெனச்சேன்.”

“நீங்க கூப்பிடவே இல்லையே. வரக்கூடாதுன்னு நெனச்சேன்.”

“வெள்ளிக்கிழம ஓவர்டைம்னு போனதெல்லாம் அங்கதான்.”

ஓவர்டைம் பணம் எங்கே போகிறது என்று எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறாள். நீலா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். மலைகளுக்கு அப்பால் பார்க்க நினைத்திருந்த கொர்ஃபக்கான் கடல்வரை போகாமலே வண்டி திரும்பியது.

அவர்கள் குடியிருந்த ஊருக்கு வெளியே கம்பி வேலி போட்ட மணல்வெளி. மரம் கிடையாது. வரிசை வரிசையாக மேடுகள். பாதி மேடுகளைக் காற்று தடவித் தடவித் தரையாக்கியிருந்தது. தாரிணியின் மேடு மட்டும், சுற்றிலும் கல் அடுக்கி, கலையாமல் இருந்தது. நீலா மண்டியிட்டு, தூங்குகிற பிள்ளையைத் தொடுவது போல உள்ளங்கையை வைத்தாள்.

“நீங்க அடுக்குனதா?”

“இல்ல. போன வருசம் அப்பா காரியத்துக்கு ஊருக்குப் போயிருந்தோமே, அப்ப இங்க பெரிய மணல் காத்து. திரும்பி வந்து இடத்த எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பதறிட்டு ஓடியாந்தேன். யாரோ கல்லு வச்சுக் காப்பாத்திருந்தாங்க. யாருன்னு காவல்காரனுக்கும் தெரியல. நன்றி சொல்லக்கூட ஆளில்ல.”

அதற்குமேல் அங்கே நிற்க அவரால் முடியவில்லை. வண்டியை வாசலுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நீலா அழுது முடித்து எழுந்தபோதுதான் பக்கத்து மேட்டைக் கண்டாள். பெரிய ஆளின் நீளம். தலைமாட்டில் எழுத்து உதிர்ந்த தகரம். கால்மாடு ஏற்கெனவே தரையோடு தரையாகியிருந்தது. எந்த ஊர்க்காரனோ, எவள் பெற்றதோ. அந்தத் தாயும் இப்படித்தான் இடம் தெரியாமல் எங்கேயோ உட்கார்ந்திருப்பாள்.

வேலியோரம் உடைந்த கான்கிரீட் கட்டிகள் கிடந்தன. நீலா சேலையைச் செருகிக்கொண்டு, இரண்டிரண்டாகச் சுமந்து வந்து, தலைமாட்டிலிருந்து அடுக்கத் தொடங்கினாள். வாசலில் ஹாரன் ஒலித்தது. வளையம் கூடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது கட்டிகள் தீர்ந்துவிட்டன. மணலைக் கையால் கூட்டி அந்த இடைவெளியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள்.

அவள் போன பிறகும் பத்து விரல்களும் அந்த மணலில் பதிந்திருந்தன. காற்று இன்னும் எழவில்லை.