மூன்று டிக்

டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் திரையில் போட்டபோது எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மகளின் இடுப்பெலும்புக்கு நடுவே குட்டிக் குட்டி வெள்ளை வளையங்கள் குவிந்து கிடந்தன. வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாளுக்கொரு கேப்ஸ்யூல் விழுங்கக் கொடுத்திருந்தார்கள். உள்ளே இருக்கும் வளையங்கள் மலத்தோடு வெளியேறுகின்றனவா, எங்கே தேங்குகின்றன என்று திங்கட்கிழமை படம் பிடித்துப் பார்ப்பது. அந்த மூன்று நாளும் அவள் என்னோடு இருந்தாள். வாரத்தில் எனக்கு வாய்த்தது அவ்வளவுதான். மற்ற நாலு நாள் அவள் அம்மா வீட்டில், நான் என் அறைச் சுவர்ப் பல்லியோடு.

“வெள்ளிக்கிழமை முழுங்கினதுகூட அப்படியே இருக்கு சார். குடல் நல்லாத்தான் வேலை செய்யுது, எல்லாம் கீழ வரைக்கும் வந்து நிக்குது. குழந்தைதான் அடக்கி வெச்சிருக்கா.” மகள் தினமும் மலம் கழித்தாளா என்று நான் குறித்துவந்த தாளை டாக்டரம்மா புரட்டினார். “நீங்க தினமும் போனதா டிக் போட்டிருக்கீங்களே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்டேன்தான். நான் குடியிருக்கும் மாடியில் ஐந்து அறைக்கும் சேர்த்து வராந்தாக் கோடியில் ஒரே கழிப்பறை. வெளியே காவல் நின்று, “போனியாடி வாலு?” என்பேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும். “போயிட்டேம்ப்பா!” நானே பரீட்சையில் பாஸான மாதிரி ஓடிப்போய் டிக் போடுவேன். “உங்க ரூமுக்கு வந்துட்டுப் போனாலே வயித்து வலி. இந்தத் தடவையும் அப்படின்னா இனி அனுப்பமாட்டேன்” என்று அவள் அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். அவளிடம் காட்ட அந்தத் தாளைத்தான் நம்பியிருந்தேன், மடையன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன். “ஏன்டா பொய் சொன்ன?”

“நீ வெளிய நின்னாலும் யாராவது வந்து கதவத் தட்டிட்டே இருக்காங்கப்பா. பயமா இருக்கு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ அம்மாகிட்ட சொல்லிடுவ. அப்புறம் என்னை அனுப்பமாட்டாங்க.”

ஏழு வயசு. கல்லாய்க் கனத்த வயிற்றோடு மூன்று நாள் என்னுடன் சீட்டாடிச் சிரித்திருக்கிறாள். அவள் என்னிடம் வர ஆசைப்படுகிறாள் என்பதில் ஒரு நொடி எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. அடுத்த நொடியே என்மீது எனக்கு வெறுப்பாக இருந்தது.

போனை எடுத்தேன்.

“அப்பா, வேணாம்ப்பா. ப்ளீஸ்ப்பா.”

அவள் அம்மாவின் எண்ணை அழுத்தினேன். ரிங் போகத் தொடங்கியது. என் சட்டை நுனியைப் பிடித்திருந்த விரல்களை அவள் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டாள்.