பேச்சிக்கல்லைத் தேய்த்தவர்கள்

கழுத்து திரும்பவில்லை. காலையிலிருந்து கான்கிரீட் சட்டி சுமந்ததில் சந்தனமாரிக்கு உச்சந்தலை முதல் தோள்பட்டை வரை ஒரே கட்டையாக இறுகிக் கிடந்தது. தளம் போடும் நாளில் பாதியில் இறங்கி வர முடியாது. வேலை முடிந்து, சேரன்மகாதேவி வாய்க்கால் கரையில் தலையைச் சாய்த்தபடியே நடந்து வந்தவள், புளியமரத்தடியில் வேன் நிற்பதைக் கண்டாள். திருநெல்வேலி வரலாற்றுச் சங்கத்தார். மாதம் ஒரு சொற்பொழிவு, ஒரு ஊர்சுற்றல் அவர்களுக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் செயலாளர் சங்கரசுப்பிரமணியன் முன்பே வந்து கேட்டிருந்தார்.

"கல்லைப் பாத்துக்கிடுங்க சார். தொட மட்டும் கூடாது" என்று அவளும் சொல்லியிருந்தாள்.

அது அவள் புருஷன் வீட்டுக் குலதெய்வமான பேச்சி. கல் என்று பேரே தவிர, கல்லை யாரும் பார்த்ததில்லை. எண்ணெயும் மஞ்சள் குழைத்த மஞ்சணையும் தலைமுறை தலைமுறையாக ஏறி, கறுத்த மெழுகாய்ப் பருத்து நின்றது. மேலே ஊற்றுவார்கள், சுரண்ட மாட்டார்கள். புருஷன் சாகிற வருஷம் ஊற்றிய எண்ணெயும் அதில்தான் இருந்தது. அவன் போன பிறகு செவ்வாயும் வெள்ளியும் விளக்குப் போடுவது சந்தனமாரி. "பொம்பளைக்கு எதுக்கு அந்தப் பொறுப்பு" என்று கொழுந்தன் சுந்தர் முனகிக்கொண்டே இருந்தான். ஒரு குறை கிடைத்தால் போதும் அவனுக்கு. அந்த விளக்கு கையில் இருப்பதால்தான் சொந்தக்காரக் கூட்டத்தில் அவளுக்கு ஓர் இடம். அது போனால் செத்தவன் பெண்டாட்டி, அவ்வளவுதான்.

மரத்தடியில் சங்கத்தார் புளியோதரைப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால் பேச்சி வெள்ளையாக நின்றாள்.

கம்பி பிரஷ், தேங்காய் நார், மண்ணெண்ணெய், மைதா மாவு. எந்தக் கல்லைக் கண்டாலும் தேய்த்துக் கழுவி, மாவு தடவி எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். தேய்த்தது விஜயஸ்ரீ என்ற கல்லூரி ஆசிரியை. விரல் தோல் உரிந்திருந்தது.

"எழுத்து ஒண்ணும் இல்லம்மா. பழைய மடைக்கல்லு மாதிரி தெரியுது. அழுக்கு எடுக்கத்தான் பெரும்பாடாப் போச்சு."

"அழுக்கா?"

விஜயஸ்ரீ அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"யாரு தொடச் சொன்னா?"

"பெர்மிஷன் வாங்கியாச்சுன்னு சார்தான்..."

சங்கரசுப்பிரமணியனின் கை சோற்றிலேயே நின்றது. "வாங்கியாச்சுன்னு சொன்னேன். மத்தத சொல்ல விட்டுப்போச்சும்மா."

"ஒம்ம வாயில எப்பவும் பாதிச் சேதிதாம்வே வரும்" என்றார் பக்கத்திலிருந்த தாஜ் முகம்மது.

சந்தனமாரி கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒட்டியிருந்த மாவை முந்தியால் துடைத்தாள்.

"சார், போனது திரும்ப வராது. சித்திரையில பேச்சிக்குக் கொடை விழா, அதுக்கு வாங்க. எங்க ஆளுக எல்லாரும் வருவாவ. நாங்கதான் தேச்சோம், இவ தொடக்கூடாதுன்னுதான் சொன்னான்னு அவ்வோ முன்னால சொல்லிருங்க. அது போதும் எனக்கு."

"கண்டிப்பா வாரேம்மா."

"கடுதாசி குடுத்து விட்றாதீங்க. வாயால சொல்லணும்."

"வாயாலதான் சொல்லுதேன்."

கொடை வந்தது. அதற்குள் அவள் ஊற்றிய எண்ணெயெல்லாம் வழுவழுவென்று கீழே ஓடியதே தவிர, கல்லில் ஒட்டவில்லை. சுந்தர் கல்லைச் சுற்றி வந்தான்.

"எங்கண்ணன் இருந்தா இது நடக்குமா மதினி?"

"பொறும். சார் வருவாரு. கேட்டுக்கிடும்."

வந்தார். சொன்ன சொல் தவறவில்லை. கையில் பொன்னாடைகூட வைத்திருந்தார். வில்லுப்பாட்டுக்காரர் மைக்கை நீட்டினார். சங்கரசுப்பிரமணியன் அதை வாங்கி வாய்க்காலைச் சொன்னார், மடையைச் சொன்னார், ஆற்றுத் தண்ணீர் வயலுக்கு வந்த கதையைச் சொன்னார். நல்ல பேச்சு. பிள்ளைகள்கூடச் சத்தம் போடாமல் கேட்டார்கள். சந்தனமாரி சேலை முந்தியைத் திருகிக்கொண்டு அந்த ஒரு சொல்லுக்காக நின்றாள்.

"இந்தக் கல்லை நாங்க ஆய்வு செய்யக் காரணம் இந்த அம்மாதான். பெருமனசோட அனுமதி குடுத்தாங்க. சங்கத்தின் சார்பில் நன்றி" என்று முடித்து, பொன்னாடையை அவள் தோளில் போட்டார். அவர்கள் கூட்டமெல்லாம் அப்படித்தான் முடியும்.

யாரும் கை தட்டவில்லை.

"கேட்டியளா?" என்றான் சுந்தர், கூட்டத்தைப் பார்த்து. "இவதான் குடுத்திருக்கா. ஒரு சால்வைக்கு."

"தேய்க்கவா சொன்னேன்? தொடாதீங்கன்னுல்லா சொன்னேன்!" அவள் செயலாளர் பக்கம் திரும்பினாள். "சார், அதச் சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேனேம்மா, எல்லாம் ஒங்களாலதான்னு." அவர் முகத்தில் நிறைவுதான் இருந்தது. சாயங்காலம் பாளையங்கோட்டையில் சொற்பொழிவு. கும்பிட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

குடும்பத்தில் மூத்தவரான பெரியப்பா விளக்கை எடுத்துச் சுந்தர் கையில் கொடுத்தார். நெற்றியில் இடும் முதல் மஞ்சணையும் அவனுக்குப் போயிற்று. சந்தனமாரி கடைசி வரிசைக்கு நகர்ந்தாள்.

கல்லைத் தேய்த்த கணக்கை அவள் தேய்த்த அன்றைக்கே மரத்தடியில் விட்டுவிட்டாள். 'இவள் தொடக்கூடாது என்றாள், நாங்கள்தான் தேய்த்தோம்' என்று அவள் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லவேண்டிய சொல் மட்டும் வரலாற்றுச் சங்கத்தின் பேரில் இன்னும் பாக்கி நிற்கிறது.