வேரில் இரண்டு விரற்கடை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யாரோ கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கைதட்டினார்கள். பின்கட்டில் துண்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த ஒடெட்டி அந்தச் சத்தத்தை வைத்தே யாராக இருக்கும் என்று யோசித்தாள். தலைமுடிக்குப் பின்னல் போட வரும் பெண்கள் பலமாகத் தட்டிவிட்டு, பதில் வருவதற்குள் கதவையும் திறந்துவிடுவார்கள். இது அப்படி இல்லை. தட்டியவருக்கே கேட்கக் கூடாது என்பது போல இரண்டு முறை மெதுவாகக் கேட்டு நின்றுவிட்டது.

வெளியே நின்றவளைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது. கொஞ்சம் பருத்திருந்தாள், அவ்வளவுதான்.

"ஒடெட்டி அக்கா, என்னய ஞாபகம் இருக்கா? மார்லூசியா. மாட்டுக் கண்காட்சி மைதானத்துல கூட்டிப் பெருக்குற மார்லூசியா."

"மறக்குற மூஞ்சியா உன்னோடது? பத்து வருசமா எட்டிக்கூடப் பாக்கல. வேற கடைக்காரி கெடச்சிட்டான்னு நெனச்சேன்."

"கெடச்சா. ஆனா உங்க கையி மாதிரி வராது." சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பின்னால் திரும்பி, "வா பாப்பா, அத்தைதான்" என்றாள்.

மதில் ஓரமாக நின்ற பெண் உள்ளே வந்தாள். பதினெட்டு வயது இருக்கும். வெயிலுக்குப் போடும் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தாள். ஒடெட்டி இருவரையும் உட்காரவைத்து, அப்போதுதான் வடிகட்டிய காபியை ஊற்றினாள். மார்லூசியா கோப்பையைத் தொடவில்லை.

"இவ கால்நடை மருத்துவத்துக்கு எழுதி, மார்க்கும் எடுத்துட்டா அக்கா. கறுப்பு, மாநிறக்காரங்களுக்கான ஒதுக்கீட்டுல சீட்டு வந்துருச்சு. தெருவே வந்து கட்டிப்புடிச்சிட்டுப் போச்சு. அப்புறம் நெறத்தச் சரிபாக்குற அந்தக் குழு வீடியோவப் பாத்துட்டு, இவ கறுப்பும் இல்ல, மாநிறமும் இல்லன்னு எழுதிட்டாங்க. மேல்முறையீடு போட்டிருக்கோம். செவ்வாக்கிழம நேர்ல வந்து நிக்கணுமாம். வேற ஆளுங்க பாப்பாங்களாம்." மூச்சு வாங்கினாள். "இவ பழைய சுருட்டை முடியத் திருப்பிக் குடுங்க அக்கா. அதுக்குத்தான் வந்தோம்."

அந்தப் பெண் தொப்பியைக் கழற்றினாள். தோள்வரை நேராக, பளபளவென்று இறங்கிய முடி. அதைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டபோது, இடது காதின் பின்னே கட்டைவிரல் அகலத்துக்கு முடி முளைக்காத வழுக்கைத் தழும்பு தெரிந்தது. அந்தத் தழும்பை ஒடெட்டிக்குத் தெரியும். முகத்தையும் தெரியும். ஆனால் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது பத்து வருடத்துக்கு முன்பு அல்ல. மூன்று நாளைக்கு முன்பு, வியாழக்கிழமை, பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடி அறையில், சுவரளவு திரையில்.

ஒடெட்டி பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்ப்பவள். முடி வேலை சனி, ஞாயிறு மட்டும். மார்லூசியா சொன்ன அந்தக் குழுவில் அவள் உட்கார்ந்து நான்கு வருடம் ஆகிறது. குழு வேலை செய்யும் விதத்தை யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அவள் விளக்குவாள். ஐந்து பேர். ஆண்களும் பெண்களும், வெள்ளையரும் கறுப்பரும் கலந்திருக்க வேண்டும். விண்ணப்பித்தவர் தன்னைக் கறுப்பு என்றோ மாநிறம் என்றோ சொல்லி ஒரு வாக்கியத்தை வாசித்து, வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். குழு பார்ப்பது தோல், மூக்கு, உதடு, முடி மட்டும். தாத்தாவின் படத்தைக் காட்டினால் செல்லாது. ஏனென்றால் தெருவில் போலீஸ்காரன் நிறுத்தும்போது தாத்தாவின் படத்தைக் கேட்டு நிறுத்துவதில்லை, முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறான். எந்தக் கண் ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியதோ, அதே கண்ணால் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். ஐந்து பேரும் பேசிக்கொள்ளக் கூடாது. ஆளுக்கு ஒரு தாள். சந்தேகம் வந்தால் விண்ணப்பித்தவர் பக்கம் எழுத வேண்டும். மூன்று பேர் எழுதுவதுதான் முடிவு. பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று முதல் நாளே கையெழுத்து. இவ்வளவையும் ஒடெட்டி ஒரு கடிகாரத்தைத் திறந்து காட்டுவது போல, ஒவ்வொரு சக்கரமும் எதற்கு என்று சொல்வாள். யார் மீதும் யாருடைய கோபமும் விழாதபடி எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள் என்பாள்.

வியாழக்கிழமை காலையில் திரையில் வந்தவர்களில் நான்கு பேர் மாட்டுப் பண்ணைக்காரர்களின் பிள்ளைகள். விசாரிக்கவே வேண்டியதில்லை. பின்னால் தெரிந்த நீச்சல் குளமும், சட்டைக் காலருக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்த கழுத்தும் போதும். வீடியோவுக்காக ஒரு வாரம் வெயிலில் கிடந்து கறுத்திருந்தார்கள். இந்த மினாஸ் மாநிலத்து மண்ணில் ஒடெட்டியின் கறுப்பு முன்னோர்கள் அடிமைகளாக எந்தப் பண்ணைகளில் கட்டிவைத்து அடிக்கப்பட்டார்களோ, அதே பண்ணைகளின் பெயர்கள் அந்தப் பையன்களின் பெயர்களுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. நான்கு பேருக்கும் அவள் 'இல்லை' என்று எழுதினாள். ஐந்து தாளிலும் அதுவேதான் இருந்தது. ஐந்தாவதாக இந்தப் பெண் வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் இரண்டு நிறம் வெளுப்பாகப் பவுடர். நேரான முடி. தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தவள், 'மாநிறம்' என்ற இடத்தில் சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். பக்கத்தில் யாரோ நிற்பது போல ஓரமாகப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த முடி பிறவி முடி இல்லை என்று ஒடெட்டிக்குத் தெரிந்தது. நெற்றியோரத்தில் சுருண்டு எழும்பப் பார்த்த பூனைமுடியும் தெரிந்தது. அறையில் மற்ற நால்வருக்கும் தெரிந்திருக்காது, அவளுக்குத் தெரிந்தது. சந்தேகம்கூட இல்லை. இருந்தும் கை 'இல்லை' என்று எழுதியது. முடியை நேராக்கிக்கொண்டு காலம் பூராவும் எங்களை விட்டு ஓடிவிட்டு, சீட்டு என்றதும் சிரித்துக்கொண்டே வருகிறாயா என்று நினைத்தாள். நினைத்துக்கூட முடியவில்லை, அதற்குள் எழுதிவிட்டாள். தாள்களைப் பிரித்தபோது இரண்டுக்கு மூன்று. மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் அவரைக்காயும் சோறும் வழக்கம் போலவே இறங்கின.

"முடியத் திருப்பிக் குடுக்க முடியுமா அத்தை?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஒடெட்டி தன் குவளையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எதையாவது கழுவ வேண்டும் போல இருந்தது. கழுவினாள். "ஒம் பேரென்ன கண்ணு? எப்பவும் பாப்பான்னேதான் கூப்புடுவேன்."

"தைனாரா."

வியாழக்கிழமைப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. தெரிந்தவர்கள் யாரும் இருந்தால் விலகிக்கொள்ள வேண்டும் என்று அவள் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்திருந்தாள். ஐந்து வயதில் இந்தப் பின்கட்டில் முக்காலி மேல் முக்காலி போட்டு உட்காரவைத்த குழந்தைக்குப் பெயர் என்ன என்று அவள் கேட்டதே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு சனிக்கிழமைக்கு இருபது தலை. சுருட்டை முடியை நேராக்கும், காரச் சோடா கலந்த கிரீமைப் பூசி, எரிகிறது எரிகிறது என்று குழந்தைகள் அழ அழ நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நிமிடம் தாமதித்ததில் இவளுக்கு இடது காதின் பின்னே வெந்தது. கழுவி, உலர்த்தி, கண்ணாடியைக் கையில் கொடுத்து அவள் எல்லாக் குழந்தைகளிடமும் சொன்ன ஒரே வாக்கியம்: "பாத்தியா, இப்பத்தான் மனுசப் புள்ள மாதிரி இருக்க." பிறகு அந்த வேலையை விட்டாள். பின்னல் கற்றாள், கூட்டங்களுக்குப் போனாள், சுருட்டை முடியைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் பேசினாள். அதைப் பார்த்துத்தான் அவளைக் குழுவில் சேர்த்தார்கள்.

"திருப்பிக் குடுக்க முடியாது" என்றாள், கையைத் துடைத்துக்கொண்டே. குரல் தானாகவே விளக்கும் குரலாக மாறியது. "முடிக்குள்ள ஏணிப்படி மாதிரி கட்டு இருக்கும். சுருளா நிக்கிறது அந்தக் கட்டாலதான். மருந்து அத ஒடச்சிடும். ஒடஞ்சது ஒடஞ்சதுதான், மறுபடி ஒட்டாது. ஆனா வேருக்கு அது தெரியாது. வேரு தன் பாட்டுக்குப் பழையபடியே சுருட்டி அனுப்பிக்கிட்டு இருக்கும். கடைசியா மருந்து எப்பப் போட்ட?"

"மூணு மாசமாச்சு. பரிச்சைக்குப் படிக்கிறதால போகல. வீட்லயே சூட்டுத் தகடு வச்சுத் தேச்சுக்கிட்டேன்."

"அப்ப ரெண்டு விரற்கடை இருக்கும். சூட்டுல படுத்தது தண்ணி பட்டா எந்திரிச்சிடும். மருந்துல செத்தது எந்திரிக்காது. செத்த வரைக்கும் வெட்டணும். தலையில மிஞ்சுறது அந்த ரெண்டு விரற்கடைதான்."

தைனாரா தாயைப் பார்த்தாள். மார்லூசியா கண்களை மூடிக்கொண்டாள். "நான் பாடுபட்டு வளத்த முடி அக்கா அது. மாசா மாசம் அரிசி வாங்குறதக் கொறச்சு இதுக்குக் குடுத்தேன். சரி. வெட்டுங்க."

தொட்டிமேல் தலையைச் சாய்த்து ஒடெட்டி தண்ணீர் விட்டாள். விரல்களுக்கு அடியில், மண்டையோட்டை ஒட்டி, முடி உயிர் வந்தது போல எழும்பிச் சுருண்டது. மிருதுவாக, அடர்த்தியாக இருந்தது. அதற்கு மேல் தொங்கியதெல்லாம் ஈரக் கயிறு. வியாழக்கிழமை இந்தக் கை 'ஆம்' என்று எழுதியிருந்தால் இந்தத் தொட்டியில் இந்தத் தலை கிடந்திருக்காது. சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். கையெழுத்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்தது. அந்தத் தாள் இருப்பது வசதியாக இருந்தது என்பதும் தெரிந்தது. இப்போது சொன்னால் எழுந்து போய்விடுவார்கள், நாளை திங்கட்கிழமை, முடி வெட்டும் கடைகள் திறக்காது, செவ்வாயன்று இந்தப் பெண் இதே தலையோடு போய் நிற்பாள். எனவே முதலில் வெட்டு. இதையும் அவள் நியாயம் என்றுதான் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இடது பக்கத்திலிருந்து தொடங்கினாள். சீப்பால் வகுந்து, ஒவ்வொரு கற்றையாக நீட்டிப் பிடித்து, சுருள் முடிந்து நேர் தொடங்கும் இடத்தில் வெட்டினாள். தைனாரா கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"அந்தக் குழுவுல ஒக்காந்தவங்களுக்குக் கண்ணுல புரையா என்னன்னு தெரியல" என்றாள் மார்லூசியா. காபியை இப்போதுதான் கையில் எடுத்திருந்தாள். "போன மாசம்கூட கடையில இவ பின்னாடியேதான் காவலாளி நடந்தான், பையத் திறந்து காட்டுன்னான். அவனுக்குத் தெரியுது, படிச்ச பெரிய மனுசங்களுக்குத் தெரியல. அங்க நீங்க இருந்திருக்கணும் அக்கா. முடியப் பாத்த ஒடனே சொல்லியிருப்பீங்க."

கத்தரி நின்றது. இடது பாதித் தலை முடிந்திருந்தது.

"நான் அங்கதான் இருந்தேன்" என்றாள் ஒடெட்டி.

மார்லூசியா முதலில் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு வாயைத் திறந்து, பிறகு மூடினாள். தைனாராதான் கண்ணாடி வழியாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க என்ன எழுதுனீங்க?"

"இல்லன்னு."

"முடி உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் அத்தை?"

வியாழக்கிழமை வந்த நான்கு பையன்கள், காலருக்குக் கீழே வெளுத்த கழுத்துகள், பண்ணைப் பெயர்கள் எல்லாம் ஒடெட்டியின் நாக்கு வரை வந்தன. "அன்னிக்கு உனக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "நீ சிரிச்ச" என்றாள். "அந்த வார்த்தைய வாசிக்கிறப்ப சிரிச்ச."

தைனாரா துண்டின் முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வெக்கமா இருந்துச்சு. வாய்விட்டு அதச் சொன்னதே இல்ல. வீட்ல நாங்க அந்த வார்த்தையே சொல்ல மாட்டோம். ரெண்டு தடவ எடுத்தேன், ரெண்டு தடவயும் சிரிப்பு வந்துருச்சு. அம்மா பக்கத்துல நின்னு நல்லாச் சொல்லு, நல்லாச் சொல்லுன்னுச்சு." பிறகு, குரலில் கோபமே இல்லாமல், ஒரு தகவலைச் சொல்வது போல, "எங்க பள்ளிக்கூடத்துக்கு நீங்க வந்து பேசுனீங்க. உங்க முடிய வெறுக்காதீங்கன்னீங்க. நான் ரெண்டாவது வரிசையில ஒக்காந்திருந்தேன். உங்களுக்கு என்னைத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள்.

ஒடெட்டிக்கு அந்தப் பள்ளிக்கூடம் நினைவிருந்தது. கைதட்டலும் நினைவிருந்தது. இரண்டாவது வரிசை நினைவில் இல்லை.

"திங்கக்கிழம காலையில போயி எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். "தெரிஞ்சே எழுதுனேன்னு. குழுவுலேர்ந்து என்னை எடுத்துருவாங்க. அது கெடக்கட்டும். அதால உனக்கு ஏதாவது ஆகுமான்னு எனக்குத் தெரியல."

"அப்பல்லாம் நான்தான இவளக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் மார்லூசியா திடீரென்று. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "இவ மருந்து எரியுதுன்னு அழுவா. நான்தான் கைய ரெண்டையும் புடிச்சிக்குவேன்."

கண்ணாடியில் தைனாராவின் ஒரு பாதியில் முடி கறுப்பாகச் சுருண்டு நின்று காது தெரிந்தது, மறுபாதியில் முடி தோள்வரை வழிந்து கன்னத்தை மூடியிருந்தது. இப்படியே எழுந்து தெருவில் நடக்க முடியாது. அது மூன்று பேருக்கும் தெரியும். அவள் முடிவு செய்யும்வரை அங்கே நிற்பதைத் தவிர ஒடெட்டிக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியின் முதுகிலிருந்து எடுத்தாள்.

தைனாரா திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். ஒடெட்டி புரிந்துகொண்டு கத்தரியை அந்த உள்ளங்கையில் வைத்தாள். தைனாரா அதைத் தாயிடம் நீட்டினாள்.

"எனக்கு வெட்டத் தெரியாது பாப்பா."

"பரவால்ல."

மார்லூசியா எழுந்து வந்தாள். கத்தரியைத் துணி வெட்டுவது போல இரண்டு கையாலும் பிடித்தாள். எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியாமல் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒடெட்டி சீப்பை எடுத்தாள். வலது பக்கத்தில் ஒரு கற்றையை வகுந்து, வேரோரம் சுருள் முடியும் இடத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே இடுக்கி, நீட்டிப் பிடித்தாள். அவளுடைய விரல்களை உரசிக்கொண்டு, மார்லூசியாவின் கத்தரி உள்ளே வந்தது.