அனார்கானின் அக்ரூட் மேடை

1

இந்தக் கதை என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டுதான் வந்தது. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அனார்கான் புதிதாகப் போட்ட மரச் சமையல் மேடையில் கையூன்றித் தேநீர் குடித்தேன். எடுக்கப் பார்த்தால் கை வரவில்லை.

"சூரியகாந்தி எண்ணெய்," என்றாள், கணவன் தெமிர்பெக்கை முறைத்தபடி. "மரத்துக்குப் பூசச் சொன்னா, பொரிக்கிற எண்ணெயக் கொட்டியிருக்கார்."

"எண்ணெய்னா எண்ணெய்தானே?"

"அப்ப உங்க தலைக்கு டீசல் தடவிக்குங்க."

(சூரியகாந்தி எண்ணெய் லேசில் காயாது. அதைச் சுரண்டிவிட்டு, அக்ரூட் எண்ணெயை மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துக் காயவிட்டாள். கதை மட்டும் போதும் என்பவர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகலாம்.)

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "மலைக்காட்டில் புயலில் சாய்ந்த அந்த முதிய மரம் தன்..." வேண்டாம். மரத்துக்கு வாயில்லை, அனார்கானுக்கு இருக்கிறது.

மேடைக்குப் பலகை வாங்கப் போன அன்று, மரக்கடையில் தெமிர்பெக் பைன் பலகையைக் காட்டினான். அவள் நகத்தால் ஒரு கீறு கீறினாள். பள்ளம் விழுந்தது.

"நகத்துக்கே தாங்கல. என் கத்திக்குத் தாங்குமா?"

நன்றாகக் காய்ந்த அக்ரூட் பலகைதான் வேண்டுமென்று பிடிவாதமாக நின்று வாங்கினாள். தெமிர்பெக்கின் அக்கா மைராம் போனிலேயே சிரித்தாள்: "ஊரே கல்லு போடுது. நீ கட்டைய வச்சுக் கொஞ்சிக்கிட்டு இரு."

அந்த மைராம் பெருநாளுக்கு வந்தாள்.

3

கொடுமைக்கார நாத்தனாராகத்தான் மைராமை எழுதிப் பார்த்தேன். [அவள் வேண்டுமென்றே] என்று எழுதியதை அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்: பிலாவ் சோறு கொதித்த கசான் என்ற இரும்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். கை சுட்டது. பதறி மேடையில் வைத்துவிட்டாள்.

தூக்கியபோது மரத்தில் கரிய வட்டம்.

விருந்தினர் வாசலில் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அனார்கான் வட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். எதற்கும் திட்டித் தீர்ப்பவள் அன்று வாயே திறக்கவில்லை. வீடே அதற்குத்தான் பயந்தது.

4

மறுநாள் சரசரவென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். மைராம் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் மேடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கெல்லாம் மரத்தூள்.

"குறுக்க தேய்க்காதீங்கக்கா! ரேகை போற வாக்குல தேய்க்கணும்."

"அப்பாடா, வாயத் தொறந்தியே! ராத்திரி பொட்டுத் தூக்கமில்லடி எனக்கு. இதுவே கல்லா இருந்தா..."

"கல்லா இருந்தா விரிசல் விட்டிருக்கும். அப்ப எதத் தேய்ப்பீங்களாம்?"

முதலில் சிரித்தது யாரென்பதில் கருத்து வேறுபாடு உண்டு. (நான் அனார்கான் என்பேன், தெமிர்பெக் தன் அக்காதான் என்பான்.) மதியம்வரை இருவருமே தேய்த்தார்கள். வட்டம் மங்கியது, போகவில்லை.

தெமிர்பெக் இழைப்புளியோடு வந்தான். "இன்னும் இழைச்சா போயிடும். ஆனா அந்த இடம் குழிஞ்சிடும்."

5

முடிவு ஒன்று: இழைத்தார்கள். கறை போயிற்று. அதன்பின் அங்கே உருட்டிய மாவெல்லாம் ஒரு பக்கமாகவே ஓடியது.

முடிவு இரண்டு: அப்படியே விட்டு எண்ணெய் பூசினார்கள். வருகிறவர்களிடமெல்லாம் மைராம், "நான் போட்ட முத்திரை" என்று காட்டினாள்.

இரண்டையும் அவர்களிடமே வாசித்துக் காட்டினேன். மைராமுக்கு முதலாவது பிடித்தது, அனார்கானுக்கு இரண்டாவது. கத்திக் கத்திச் சண்டை போடுகிறார்கள், நடுநடுவே ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக்கொண்டு. தெமிர்பெக் தூக்கிய இழைப்புளியோடு நிற்கிறான். கை வலிக்கிறதாம். எந்த முடிவென்று நீங்களாவது சீக்கிரம் சொல்லுங்கள்.