கீபோர்டு இல்லாத வகுப்பு

கம்ப்யூட்டர் மாஸ்டர் அன்று மூன்றாம் பீரியடிலேயே பள்ளிக்கூடத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேண்டுமென்று செய்ததில்லை. அவர் வேண்டுமென்று செய்த காரியம் எதுவும் இவ்வளவு சுத்தமாக நடந்தது கிடையாது.

அந்தப் பள்ளியில் மணி அடிப்பது லேபில் இருக்கும் கம்ப்யூட்டர். அதற்கு புரோகிராம் எழுதியவர் மாஸ்டர். அந்தப் பெருமையைக் கேட்காத காது கட்டடத்தில் ஒன்று பாக்கியில்லை. மூன்றாம் பீரியடு முடிந்தால் மூன்று அடி, நான்காவது முடிந்தால் நான்கு. விடாமல் அடித்தால் வீட்டுக்குப் போகலாம். பதினோராம் வகுப்புக்கு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் 'லூப்' நடத்தும்போது, பொம்மை உதாரணம் எதற்கு, மணி அடிக்கும் புரோகிராமையே திருப்பி எழுதிக் காட்டுவோமே என்று அவருக்குத் தோன்றியது. விரல்கள் பறந்தன. ஒவ்வொரு அடிக்கும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும் வரியை மட்டும் விட்டுவிட்டுப் பறந்தன. மூன்று அடித்தாயிற்று என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு அடித்தது. மாஸ்டர் மேஜைக்கடியில் தவழ்ந்து பிளக்கைப் பிடுங்குவதற்குள் ஆறாம் வகுப்பு தெருமுனையைத் தாண்டிவிட்டது.

"இனிமே புரோகிராமிங் கிளாஸ் கிடையாது," என்றார் தலைமையாசிரியை. "டைப்பிங் சொல்லிக் குடுங்க, போதும்."

"ஒரே ஒரு வரிதான் மேடம்..."

"ஒரு வரிக்கே ஸ்கூல் மொத்தமும் ரோட்டுல நிக்குது. நீங்க ஒரு பக்கம் எழுதினா ஊரே காலியாயிடும்."

கீபோர்டுகள் எல்லாம் கழற்றப்பட்டு தலைமையாசிரியையின் பீரோவுக்குள் போயின. எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்த பிறகு தருவாராம்.

மாஸ்டரின் மகளும் அதே வகுப்புதான். பள்ளியில் 'சார்', வீட்டில் 'அப்பா' என்று அவளே போட்ட ஒப்பந்தம். சாயங்காலம் அவளிடம் கேட்டார்: "ஏம்மா, அந்த வரி இல்லைன்னு உங்கள்ல ஒருத்தருக்குக்கூடவா தெரியல?"

"சாப்பாடு ஆறுதுப்பா."

"விடுங்க," என்றாள் மனைவி. "பிளக் எங்க இருக்குன்னாவது உங்களுக்குத் தெரிஞ்சுதே."

மறுநாள் லேபில் பிள்ளைகள் வெறும் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எந்த விரல் எந்த எழுத்துக்குன்னு..." என்று இழுத்தார்.

"நாங்க விரல் படிக்க வரல சார்," என்று எழுந்தாள் மகள். "புரோகிராம் படிக்க வந்தோம்."

"எதுல ஓட்டுவ? என் முதுகுலயா?"

"நாங்களே ஓடுறோம்."

முன்பே பேசி வைத்திருக்கிறார்கள், கழுதைகள். மகள் நேற்றைய வரிகளைப் போர்டில் எழுதினாள். 'குண்டூசி' என்கிற ஒல்லிப் பையன் விரல்களால் எண்ணிக்கை வைத்துக்கொண்டான். 'ஒலிபெருக்கி' என்று பேரெடுத்த பெண் மணியானாள். முதலில் மாஸ்டரின் புரோகிராமை அப்படியே ஓட்டினார்கள். குண்டூசியின் விரல் ஒன்றும் நிமிரவில்லை. ஒலிபெருக்கி "டாங்! டாங்! டாங்!" என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டே இருந்தாள். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

வாசலில் தலைமையாசிரியை.

"என்ன கூத்து இது?"

மாஸ்டர் மன்னிப்புக் கேட்கத்தான் வாசலுக்கு ஓடினார். வாய்தான் பேச்சை மாற்றிவிட்டது. "கிளாஸ் நடக்குது மேடம்."

"கிடையாதுன்னு சொன்னேனே?"

"கீபோர்டைத்தானே பூட்டினீங்க? பசங்க தலை வெளியதான இருக்கு."

சொன்னது தான்தானா என்று மாஸ்டருக்கே சந்தேகம். ஆனாலும் வாசலைவிட்டு நகராமல் நின்றார். மேடத்தைக் கண்டு எழுந்த பிள்ளைகளில் ஒருவரும் உட்காரவில்லை.

"இப்ப பாருங்க மேடம்," என்று மகள் விட்டுப்போன வரியைச் சேர்த்தாள். டாங், ஒரு விரல். டாங், இரண்டு. டாங், மூன்று. ஒலிபெருக்கி வாயை மூடினாள். அதுவே ஓர் அதிசயம்.

"அஞ்சாவது பீரியடுக்கு?" என்றார் தலைமையாசிரியை. அடித்துக் காட்டினார்கள். "ஏழாவதுக்கு?" என்று கேட்டபோது அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே விட்டிருந்தார். குண்டூசி இரண்டாவது கைக்குப் போனதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை.

எழுந்து, பீரோ சாவியை மேஜைமேல் வைத்தார். "கிளாஸ் நடக்கட்டும். ஆனா மாஸ்டர், என் மணி மேல பாடம் நடத்தாதீங்க."

கீபோர்டுகள் திரும்பி வந்தன. முதல் கீபோர்டை மாட்டியதுமே மாஸ்டரின் கைகள் பழக்கதோஷத்தில் அதன்மேல் பாய்ந்தன. நடுவில் மகளின் முழங்கை அணைபோல வந்து நின்றது.

"சரி, இப்பவாவது சொல்லு. அன்னைக்கு யாருக்குமே தெரியலையா?"

வகுப்பு மொத்தமும் மின்விசிறியை ஆராய்ந்தது. மகள் மட்டும் ஒப்பந்தத்தை மறந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சுதுப்பா. கத்தினோம். டைப் பண்றப்ப உங்களுக்குக் காது கேக்காது. வருஷம் பூரா நீங்கதான் டைப் பண்றீங்க, நாங்க பார்த்துட்டு இருக்கோம். அதனாலதான், மேடம் கீபோர்டைப் பூட்டினப்போ எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."