பின்னால் வருகிறாள்

லிப்ட் மெக்கானிக்குக்கு மலையேறும் ஆசையெல்லாம் கிடையாது. தம்பி வீட்டில்தான் திட்டம் போட்டார்கள். பூப்பூக்கிற பருவம், விட்டால் அடுத்த வருஷம்தான், பெரியப்பாவும் வந்தே தீரவேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். அவரும் லீவு சொல்லிவிட்டு, புது ஷூ வாங்கி, அறைக்குள்ளேயே நடந்து பழகினார். கிளம்புகிற அன்று காலையில் தம்பியின் போன் வந்தது.

"அண்ணா, சின்னவளுக்கு ஜுரம். இன்னொரு நாள் போலாமா?"

"அதுக்கென்ன, நீ குழந்தையைப் பாரு."

ஒற்றைக் கட்டில், ஒரு நாற்காலி, கொடியில் இரண்டு காக்கிச் சட்டை. லீவு நாளில் அந்த அறையில் உட்கார்ந்து என்ன செய்வது? கிளம்பிவிட்டார்.

ஏற்றம் சுவர் மாதிரி நின்றது. ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிற மனுஷன், பாதி வழியில் மூச்சு வாங்கி ஒரு பாறையில் சரிந்தார். அங்கே கணவன், மனைவி, சின்னப் பெண் என ஒரு குடும்பம் இளைப்பாறிக்கொண்டிருந்தது. மனைவி பள்ளிக்கூட டீச்சர்.

"தனியாவா வந்தீங்க?" என்றாள் டீச்சர்.

கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்த முகத்தில் ஓடிய 'ஐயோ பாவம்' அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"இல்லம்மா, வீட்டுக்காரியும் வந்திருக்கா. பின்னாடி வரா."

கல்யாணமே ஆகாத மனிதர். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அவங்களை விட்டுட்டா ஏறுறீங்க?"

"அவளுக்கு முட்டி வலி. அதோட ஒரு பூவை விடமாட்டா. ஒவ்வொண்ணுகிட்டயும் நின்னு குசலம் விசாரிச்சுட்டுதான் நகருவா. கூட நடந்தா, ஏன் விரட்டுறீங்கன்னு சண்டை. போங்க முன்னாலன்னு துரத்திட்டா."

சின்னப் பெண் கலகலவென்று சிரித்தாள். சொல்லச் சொல்ல அவருக்கும் ருசித்தது. அதன்பிறகு ஏறும்போது இரண்டொரு தடவை திரும்பிக்கூடப் பார்த்தார்.

உச்சிச் சரிவு முழுக்க நீலமும் மஞ்சளுமாகக் கொட்டிக் கிடந்தது. கால் வைக்க மனம் வராமல் ஓரமாக நின்றார். இதைப் பார்த்தால் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தபோதுதான் மூடுபனி இறங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் பூவும் இல்லை, பாதையும் இல்லை. வனக்காவலர் விசில் ஊதி எல்லோரையும் ஓரிடத்தில் சேர்த்தார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"இவரோட வீட்டம்மா இன்னும் வரலையே!" என்று பதறினாள் டீச்சர். "முட்டி வலியாம், தனியா வராங்களாம்."

காவலர் கயிற்றைத் தோளில் மாட்டினார். டீச்சரின் கணவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "நானும் வரேன்" என்றார்.

"என்ன கலர் டிரஸ் சார்?" காவலர் கேட்டார்.

'பச்சை' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் காவலர் ஈரப் பாறையில் கால் வைக்க, கால் வழுக்கியது. மெக்கானிக் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"போகாதீங்க. அப்படி யாரும் இல்ல."

"என்ன சார் சொல்றீங்க?"

"எனக்குக் கல்யாணமே ஆகல. தனியாத்தான் வந்தேன்."

டீச்சரின் கணவர் கீழே வைத்த பையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்ப முட்டி வலி யாருக்கு?" என்று கேட்டாள் சின்னப் பெண். டீச்சர் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

எல்லோரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். ஒரு வழுக்கலில் அந்தப் பெண் தடுமாற, அவர் கை நீட்டினார். "பரவால்ல, நாங்க பாத்துக்குறோம்" என்றாள் டீச்சர், திரும்பிப் பார்க்காமலே. அவர் நடையைக் குறைத்துக் கடைசி ஆளானார். பின்னால் காவலர் மட்டும் வந்தார். திட்டவில்லை. அடிவாரத்தில் கயிற்றைச் சுருட்டும்போதுதான் சொன்னார்.

"அடுத்த தடவை வந்தா தனியான்னே சொல்லுங்க சார். இந்த மலைக்குப் பாதிப்பேர் தனியாத்தான் வராங்க."

தலையாட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினார். கண்ணாடிக்கு வெளியே மலை மொத்தமும் வெள்ளையாக மறைந்திருந்தது. இல்லாத ஒருத்திதான். ஆனாலும், அவளை அங்கே விட்டுவிட்டு வந்ததுபோல மனசு அடித்துக்கொண்டது. பஸ் நகர்ந்து வளைவு திரும்பும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.